குழாய்க்குள் அடைத்த பந்து

பேயைவிட, பேய்க்குப் பயந்தவன் செய்கிற ஏற்பாடுதான் ஆபத்து. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் கவலைப்படுவதற்குப் பட்டம் கொடுத்தால் எனக்குத்தான் முதலில் கொடுக்கணும்.

பதுளையில் எங்கள் வீடு சரிவின் அடியில் இருக்கிறது. மேல்வீட்டுக் கழிவெல்லாம் ரோட்டுக் குழாயில் இறங்கி எங்களைத் தாண்டித்தான் போகணும். பெருமழையில் குழாய் நிறைந்தால் தாண்டாது. எங்கள் கக்கூஸ் வழியாக உள்ளே வந்துவிடும். (ஒருமுறை வந்தது. விவரம் வேண்டாம்.)

அந்த வருஷம் அடைமழை என்று ரேடியோவில் சொன்னார்கள். நான் டயர் கடையில் வேலை செய்பவன். மூளையும் டயர் கடைக்காரன் மாதிரியே வேலை செய்தது. வீட்டுக் குழாய் ரோட்டுக் குழாயோடு சேருகிற குழிக்குள் இறங்கி, பழைய கால்பந்துக்குள் இருக்கிற ரப்பர் பிளாடரை வீட்டுக் குழாயில் நுழைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, அதன் வாயை இறுக்கிக் கட்டினேன். வெளியே இருப்பது உள்ளே வராது. உள்ளே இருப்பது எப்படி வெளியே போகும் என்று யோசிக்கவில்லை. மனைவி சாந்தியிடம் சொல்லவுமில்லை. (சிரிப்பாள்.)

அன்று மத்தியானமே, சாந்தியின் ஊரான ஹல்துமுல்லைப் பக்கம் மண்சரிவு எச்சரிக்கை வந்தது. அவள் ஆட்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு மூட்டை முடிச்சோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கினார்கள். பதினொரு பேர். முன்னால் மாமனார். எங்கள் கல்யாணத்துக்கே வராத மனுஷன், முதல் தடவையாக எங்கள் வாசலை மிதிக்கிறார். சாந்தி அழுதேவிட்டாள்.

பஸ்ஸில் நனைந்து வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குளித்தார்கள், மற்றதும் செய்தார்கள். ஆறாவது ஆளுக்குத் தண்ணீர் இறங்காமல் நின்றது. எட்டாவது ஆளுக்கு மேலே எழும்பி, சோறாக்குகிற குசினி வாசல்வரை வந்தது.

மாமனார் மூட்டையைக் கட்ட ஆரம்பித்தார். "இத்தன பேரு வந்திருக்கக் கூடாது தாயி. சின்ன வீடு, எப்பிடித் தாங்கும்? எல்லாரும் கெளம்புங்க."

"மலை சரியப்போகுதுங்கிறாங்க, எங்கப்பா போவீங்க?" என்று சாந்தி கத்தினாள்.

நான் குறுக்கே வந்து நின்றேன். "மாமா, இது உங்களால இல்ல. நான்தான்."

அவர் தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இவ்வளவுமா? ஒத்த ஆளா?"

விஷயத்தைச் சொல்லிவிட்டு மழையில் குழிக்குள் இறங்கிக் கட்டை அவிழ்த்தேன். பந்து பெருமூச்சு விட்டது. பின்னாலேயே மொத்தமும் வந்து என் நெஞ்சைக் கட்டிப்பிடித்தது. மாமனார்தான் வாளி வாளியாக என் தலையில் ஊற்றினார். சோப்பை மட்டும் தூரத்தில் நின்று எறிந்தார்.

ஐந்து நாள் இருந்துவிட்டுத்தான் போனார்கள். இப்போதும் மழை பிடித்தால் அவரிடமிருந்து போன் வரும்.

"மாப்ள, இங்க எச்சரிக்கை விட்டிருக்காங்க. எது பரவாயில்ல, மலையா, உங்க வீடா?"