பங்களாக்காரர் வெளியே நிற்கிறார்

பெங்களூரில் சொந்தப் பங்களாவை ஊருக்கே திறந்துவிட்டிருந்த ஒரே மனிதர் எங்கள் பங்களாக்காரர்தான். அந்தப் பங்களா அவருடையது அல்ல என்பது சின்ன விஷயம்.

யாரோ வெள்ளைக்காரன் கட்டிய மாளிகை. அரசாங்கம் அதைத் தோட்டத்தோடு சேர்த்துச் சின்னப் பூங்காவாக்கி வைத்திருக்கிறது. பங்களாக்காரரின் நிஜ வீடு ஸ்ரீராம்புரத்தில். உள்ளே காலை நீட்டிப் படுத்தால் கதவு திறந்துகொள்ளும். அதனால் காலையிலேயே துவைத்த சட்டையும் டிபன் பாக்ஸுமாக வந்து மாளிகை வராந்தாவில் நின்றுவிடுவார். படியேறுகிற எல்லோரையும், "வாங்க, வாங்க! செருப்ப அங்க விடுங்க. ஊட்டா ஆய்தா? சாப்ட்டீங்களா?" என்று இரண்டு பாஷையிலும் விசாரிப்பார். 'ஆச்சு' என்று தலையாட்டிவிட்டுச் சுற்றிப் பார்க்கப் போவார்கள்.

பொம்மசந்திரா ஃபாக்டரியில் வேலை போய், படுக்க ஒரு பெஞ்சு தேடி அங்கே நுழைந்த நான், "இல்லீங்க" என்றேன். அந்தக் கேள்விக்கு இப்படியொரு பதில் உண்டென்று அவருக்கு அதுவரை தெரியாது. திகைத்துப்போய் டிபன் பாக்ஸைத் திறந்தார். சித்ரான்னத்தில் பாதி எனக்கு.

மாலையில் வாட்ச்மேன் விசில் ஊதியதும் எல்லோரையும் வாசல் கேட் வரை வந்து வழியனுப்புவார். பிறகு, "பூட்டிக்கப்பா. நான் சும்மா வெளிய போய்ட்டு வந்துடறேன்" என்று அவரும் கிளம்புவார்.

ஒருநாள் பூங்காவைப் பார்வையிட மேலதிகாரி ஒருவர் வந்தார். நம்மவர் விடுவாரா? "ஷூவ கழட்டிடுங்க. யாரப் பாக்கணும்?"

மறுநாள் அவர் கேட்டுக்கு வெளியே டிபன் பாக்ஸோடு நின்றார்.

"உங்கள விடக்கூடாதுன்னு ஆர்டர், ஐயா. நான் என்ன பண்றது?" என்றார் வாட்ச்மேன்.

தினமும் நடக்க வரும் டீச்சரம்மா அதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நீங்க போங்கம்மா" என்றார் வாட்ச்மேன்.

"வீட்டுக்காரர் வெளிய நிக்கறப்போ நான் எப்படிப்பா உள்ள போவேன்? மரியாதையா அது?"

நானும் நின்றேன். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். ரோட்டில் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. பூங்காவுக்குள் ஒரு காக்கா மட்டும் தனியாக வாக்கிங் போய்க்கொண்டிருந்தது.

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "மேல நான் பேசிக்கிறேன். ஐயா, நீங்க மொதல்ல உள்ள போய் இவங்கள எல்லாம் கூப்பிடுங்க!"

பங்களாக்காரர் படியேறினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினார். "வாங்க, வாங்க!"

அப்புறம் நான் நாலு ஊர் சுற்றிவிட்டேன். படுத்த இடத்தில் எல்லாம் 'எந்திரி' என்றுதான் எழுப்பினார்கள். பெங்களூர் வந்தால் மட்டும் செருப்பை வெளியே விட்டு, வேண்டுமென்றே சாப்பிடாமல் படியேறுகிறேன்.