ஞாயிற்றுக்கிழமைக் கொட்டாவி

கொட்டாவியை எந்த இடத்தில் விடுவது என்று சர்வேயருக்கு இன்னும் முடிவாகவில்லை. மேம்பாலம் இறங்கியதுமே விட்டால் ரொம்பச் சீக்கிரம். சுங்கச்சாவடியில் விட்டால் வண்டி நின்றுகொண்டிருக்கும். நிற்கிற வண்டியில் கொட்டாவி விட்டால் யார் பயப்படப்போகிறார்கள்?

பக்கத்து இருக்கையில் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஒரு வார்த்தை இல்லை.

பெட்ரோல் பங்க் தாண்டியது. சர்வேயர் வாயை அகலத் திறந்தார். தாடை கிளுக்கென்றது. இமைகளை மெதுவாக மூடித் திறந்தார்.

"என்னங்க! தூக்கம் வருதா?"

"லேசா."

"வண்டிய ஓரங்கட்டுங்க."

"அதெல்லாம் வேணாம். நீ ஏதாவது பேசிட்டு வா, போதும்."

அவ்வளவுதான். கைப்பை பின்னிருக்கைக்குப் போனது. மனைவி அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"நேத்து கிளினிக்குக்கு ஒருத்தர் வந்தார் பாருங்க, கடைசி வரைக்கும் வாயத் திறக்கவே இல்ல. பல்லு வலிக்குதுன்னு எழுதிக் காட்டுறார்..."

சர்வேயர் முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு, மனசுக்குள் கால் நீட்டி உட்கார்ந்தார்.

அவர் ஓய்வு பெறும்வரை விபத்தான வண்டிகளைப் பார்வையிட்டு, எதனால் விபத்து என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லும் சர்வேயர் வேலையில் இருந்தார். சாலையில் பிரேக் போட்ட தடம் இல்லையென்றால் ஓட்டியவர் தூங்கியிருக்கிறார் என்று அர்த்தம். "நாய் குறுக்க வந்துச்சு சார்" என்பார்கள். "எந்த நாயைப் பாத்தாலும் கால் தானா பிரேக்குக்குப் போகுமேப்பா" என்பார். ஆள் தலையைக் குனிந்துகொள்வான். ஸ்டியரிங்கில் கண் மூடியவர்களின் வண்டிகளை அவ்வளவு பார்த்த மனிதர், இப்போது வாரா வாரம் கண் மூடி நடித்துக்கொண்டிருந்தார்.

மனைவிக்குப் பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. நாள் முழுக்க, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாதவர்களோடு பேசிவிட்டு வீட்டுக்கு வருவாள். வீட்டில் பதில் சொல்லக்கூடிய ஒருவர் இருந்தார். அவர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார்.

மகள் இருந்தவரை மூன்று பேர் பேச்சையும் அவளே பேசினாள். கல்யாணமாகி அவள் வேறு ஊருக்குப் போனபோது அந்தப் பேச்சும் கூடப் போய்விட்டது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடவாவது பேச வேண்டுமே. "சாப்பாடு மேசையில இருக்கு." "சரி." "கேஸ் வந்துச்சா?" "வந்துச்சு." ஒருமுறை அவருக்குச் சளி பிடித்தபோது பக்கத்து அறைக்குப் போன அவள் தலையணை, சளி போன பிறகும் திரும்பி வரவில்லை.

முதல் தடவை நிஜமாகவே கண் அசந்துவிட்டது. ஞாயிறுதோறும் மகளைப் பார்க்கப் போகும் வழியில், மதிய வெயிலில், ஒரு கணம். சாலையோர மேடு டயருக்கு அடியில் தடதடவென்று அலறியது. அவர் விழித்துக்கொண்டார். அன்றைக்குத்தான் மனைவி பேச ஆரம்பித்தாள். மகள் வீட்டு வாசல் வரை நிறுத்தவில்லை. தங்கள் வீட்டுக் கூடத்துத் திரைச்சீலையின் நிறம் மனைவிக்குப் பிடிக்கவே பிடிக்காது என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அதை வாங்கி வந்தவர் அவர். சின்ன வயதில் அவள் நீச்சல் போட்டிக்குப் போனதும், தண்ணீரில் குதிக்க மாட்டேன் என்று பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டதும் தெரிந்தது. சர்வேயர் சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது.

அடுத்த ஞாயிறு அவர் நன்றாகத் தூங்கி எழுந்து வந்தார். அவளும் நிம்மதியாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாதி வழி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, சர்வேயர் முதல் பொய்க் கொட்டாவியை விட்டார்.

ஆனால் மனைவி பேச்சோடு விடுகிறவள் இல்லை. முதலில் ஞாயிறு மதியச் சாப்பாட்டைப் பாதியாக்கினாள். "வயிறு நிறைஞ்சா தூக்கம் வருங்க." பசியில் அவர் முகம் வாடியது, அதையும் தூக்கக் கலக்கம் என்று எடுத்துக்கொண்டாள். பிறகு பிளாஸ்க் நிறையக் கெட்டிக் காபி. அது மூன்று இடத்தில் வண்டியை நிறுத்த வைத்தது. ஒவ்வொரு தடவையும் அவள் கதை முக்கியமான கட்டத்தில் அறுந்துபோனது.

கடைசியில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

"ராத்திரி குறட்டை விடுவாரா?"

மனைவி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "தெரியல டாக்டர். நான் அடுத்த ரூம்ல படுக்கிறேன்."

சர்வேயர் சுவரில் இருந்த தைராய்டு படத்தைக் கவனமாகப் படித்தார்.

"பல காரணம் இருக்கலாம்" என்றார் டாக்டர். "தூக்கத்துல மூச்சு அடைக்கலாம். தைராய்டு, சர்க்கரை இருக்கலாம். சளி மாத்திரை கூடக் காரணமா இருக்கும். ஒவ்வொண்ணா பாத்துடுவோம்."

ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ரத்தத்தில் குறை இல்லை. ஆஸ்பத்திரியில் தலை முழுக்க ஒயரை ஒட்டித் தூங்க வைத்தார்கள். கொஞ்சமாவது கோளாறு தெரியட்டும் என்று சர்வேயர் புரண்டு படுக்கத் திட்டமிட்டிருந்தார். ஆனால் மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் அசந்து தூங்க அதுவே போதுமாக இருந்தது. காலையில் ஒயரைக் கழற்ற வந்தவர், "இப்படித் தூங்குறவங்கள இங்க பாத்ததே இல்ல சார். வயித்தெரிச்சலா இருக்கு" என்றார்.

டாக்டர் பேனாவை மூடிவிட்டு யோசித்தார். "உடம்புல ஒண்ணும் இல்ல. அப்போ வண்டிக்குள்ளதான் ஏதோ இருக்கு. பாட்டு போடுவீங்களா?"

"இல்ல டாக்டர். நான்தான் பேசிட்டு வருவேன்" என்றாள் மனைவி.

"எவ்வளவு நேரம்?"

"போய்ச் சேர்ற வரைக்கும்."

"ஆங்! ஒரே மாதிரி சத்தம் தொடர்ந்து கேட்டா மூளை அசந்துடும்மா. ஒரு வாரம் பேசாம இருந்து பாருங்க."

"இல்ல டாக்டர், அது காரணம் இல்ல" என்றார் சர்வேயர் அவசரமாக.

"வேற என்ன காரணம்?"

சொல்லியிருக்கலாம். இவ்வளவு டெஸ்ட் எடுத்த பிறகு எந்த மூஞ்சியோடு சொல்வது? தைராய்டு படத்தைத் திரும்பப் படித்தார்.

அந்த ஞாயிறு மனைவி உதட்டை இறுக்கிக்கொண்டு வந்தாள். சர்வேயர் இரண்டு கண்ணும் விரிய ஓட்டினார். தூக்கம் பக்கத்தில் கூட வரவில்லை. மகள் வீட்டு வாசலில் இறங்கும்போது, "பாத்தீங்களா? என் பேச்சுதான் காரணம்" என்றாள். சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு சர்வேயர் சாவியோடு நின்றார்.

அவள் பேச்சின் மேல் விழுந்த பழியை எப்படியாவது துடைக்க வேண்டும். அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. அடுத்த வாரம், வண்டிக்குள் ஊசி விழுந்தால் கேட்கிற அமைதியில், ஆயுளிலேயே பெரிய கொட்டாவியை விட்டார். தலையையும் தொங்கப்போட்டார்.

மனைவி கத்தவில்லை. அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். கிளினிக்கில் நோயாளியின் மேல் விளக்கைத் திருப்பிவிட்டுப் பார்க்கிற பார்வை. அவர் கண்களையே நெடுநேரம் பார்த்தாள்.

"சரி" என்றாள். "இனிமே நீங்க ஓட்ட வேணாம். நான் டிரைவர் பாக்குறேன்."

டிரைவர்கள் வந்தார்கள். அவளே வாசலில் நின்று பேசினாள். சர்வேயர் உள்ளே பேப்பருக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ராவும் பகலும் ஓட்டினாலும் எனக்குக் கண்ணு அசராதும்மா" என்றார் ஒருவர். அவரை அனுப்பிவிட்டாள்.

"ஏம்மா? நல்ல ஆளாத் தெரியுதே" என்று சர்வேயர் உள்ளேயிருந்து கேட்டார்.

"ரொம்ப அலட்டிக்கிறார்."

மூன்றாவதாக வந்தவர் குண்டாக, இமை தொங்கிப்போய், இப்போதுதான் எழுந்து வந்தவர் போல இருந்தார். அவரிடம் கேட் பக்கத்தில் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். வேலை அவருக்குக் கிடைத்தது.

ஞாயிறு வந்தது. கணவனும் மனைவியும் பின்னிருக்கையில். நடுவில் கைப்பை. இனி பேச்சு என்பதே இல்லை என்று சர்வேயர் மனதைத் தேற்றிக்கொண்டார். பெட்ரோல் பங்க் தாண்டியது.

டிரைவர் ஒரு கொட்டாவி விட்டார்.

"தம்பி, தூக்கம் வருதா?" என்று மனைவி முன்னால் சாய்ந்தாள். "இருப்பா, நான் பேசிட்டு வரேன்."

பேச்சு கொட்டியது. கிளினிக், திரைச்சீலை, நீச்சல் பலகை, எல்லாம் டிரைவரின் பிடரியைப் பார்த்து. சர்வேயர் தன் முழங்காலைப் பார்த்தார். வண்டி நூல் பிடித்தது போலப் போனது. ஆனால் அவர் கண்ணில் பட்டது அடுத்தடுத்த கொட்டாவிகள் மட்டும்தான்.

"எங்க வீட்டுக்காரர் இருக்காரே, கல்யாணமான புதுசுல சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போவார். வழியில எங்கயாவது வண்டி கவிழ்ந்து கிடந்தா இறங்கிடுவார். நாங்க போறதுக்குள்ள இடைவேளை வந்துடும். ஆனா அங்க போய்ச் சேர்ற வரைக்கும் வாய் மூட மாட்டார். லாரி ஏன் சாஞ்சுது, பஸ் ஏன் இடிச்சுது... எனக்கு ஒரு எழவும் புரியாது." குரல் இறங்கியது. "கேக்க நல்லா இருக்கும்."

சர்வேயர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாய் மூடாமல் பேசிய அந்த ஆள் அவர்தான். எப்போது நிறுத்தினார்? அவ்வளவு விபத்துக்குக் காரணம் சொன்னவருக்கு இதற்குச் சொல்லத் தெரியவில்லை. தடமே இல்லை.

டீக்கடையில் வண்டி நின்றது. மனைவி முகம் கழுவப் போனாள். இந்த டிரைவரை வைத்துக்கொண்டால் என்றைக்காவது எல்லோரும் லாரிக்கு அடியில் போவோம். இவரை அனுப்பிவிட்டால் அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். சர்வேயர் டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். இவரை அனுப்பிவிட வேண்டியதுதான். அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். நான் நடித்தேன், உன் பேச்சைக் கேட்பதற்காக நடித்தேன். இதை எந்த மூஞ்சியோடு சொன்னால் என்ன?

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வாரத்திலேருந்து வேலைக்கு வர வேணாம். தூக்கத்துல ஓட்டினவங்க வண்டி எப்படி இருக்கும்னு நான் பாத்திருக்கேன்."

டிரைவரின் தொங்கிய இமை மேலே போனது. கழுவுமிடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ஏது சார் தூக்கம்? அம்மா வேலைக்குச் சேர்க்கும்போதே சொல்லிட்டாங்க, 'அவர் கொட்டாவி விட்டா கண்ணுல தண்ணியே வர மாட்டேங்குதுப்பா, அத்தனையும் நடிப்பு. ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு நடிக்கிறது ஆபத்து, அதனால இனிமே நீ நடி, நான் அவர்கிட்டப் பேசணும்'னு."