துரைசாணிக் கொடியில் விளைந்த கிழங்கு

பகாவ் பக்கத்துத் தோட்டம்,
1943, ஆனி மாதம் (இப்போது ஜப்பான் கணக்கில் 2603 என்று எழுத வேண்டுமாம்)

கோலா பிலாவில் இருக்கும் மச்சான் தங்கராஜு அவர்களுக்கு, பங்களாவில் செடிகொடி பார்க்கும் முனியாண்டி கைகூப்பி எழுதிக்கொள்வது. உங்கள் தங்கை ராக்கம்மாவும் நானும் மரவள்ளிக் கிழங்கின் தயவில் நலம்.

போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடிக்கும் லிஸ்டில் என் பேர் இருப்பதைக் கேட்டு அழுதீர்களாம். இனி அழ வேண்டாம், என்னை ஒரு கொடி காப்பாற்றிவிட்டது.

ஜப்பான்காரனுக்குப் பயந்து ஓடிப்போன வெள்ளைக்காரத் துரைசாணி வராந்தாத் தொட்டியில் ஒரு கொடியை விட்டுப் போனார். பூக்காது, காய்க்காது, வெறும் இலை. அவர் காலத்தில் மூன்று முழம் தாண்டவில்லை. நான் கிழங்கு கழுவின தண்ணியைத்தான் ஊத்தினேன், மச்சான், அது தூணில் ஏறி, உத்தரத்தைச் சுற்றி, திரும்பத் தரைக்கே இறங்கிவிட்டது. ஒரு துண்டை வெட்டிப் போத்தல் தண்ணீரில் போட்டால் ஐந்தாம் நாள் வேர். மண் இல்லை, வெயில் இல்லை, இருந்தும் இலை விரிகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், காலையில் அதன் முன்னே நின்றால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

பங்களாவுக்கு வந்த ஜப்பான் அதிகாரி, தின்ன உதவாத செடியெல்லாம் பிடுங்கச் சொல்லி, இது என்ன என்று கேட்டார். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி திருநாவுக்கரசு பயத்தில், "கெழங்குக் கொடி துவான்" என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் தோண்டிக் காட்ட உத்தரவு. கிராணி என்னிடம், "கெழங்கு இல்லேன்னா மொத லாரியில நீதான் லா" என்றார்.

தோண்டும் நாள் விடியுமுன் அடுப்படியில் தடவிக் கிழங்கை எடுத்துத் தொட்டியில் புதைத்தேன். நான் கையை விட்டது அவித்த கிழங்கு இருந்த சட்டியில் என்று எனக்கெப்படித் தெரியும்? அதிகாரி தானே தோண்டி, துடைத்து, கடித்தார். உப்புப் போட்டு அவிச்சது. நான் லாரி ஏறிவிட்டதாகவே நினைத்து மாரியாத்தாளைக் கூப்பிட்டேன். அவரோ கொடியை அடியிலிருந்து நுனிவரை பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வர, தோள் குலுங்க நின்றார். பக்தியாகத்தான் இருக்கும். கொடியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று லிஸ்டிலிருந்து என் பேரை அடிக்கச் சொன்னார்.

ராக்கம்மாவுக்குத்தான் கோபம். "எங் கஞ்சிக்கு இருந்த கெழங்கப் பொதச்சிட்டு கொடியக் கும்புடுறாரு" என்கிறாள்.

இத்துடன் இரண்டு கணு ஈரத்துணியில் சுற்றி அனுப்புகிறேன், தண்ணீரில் வையுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளை மாரியாத்தா நோய்நொடி இல்லாமல் காக்கட்டும்.

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் கிராணி வந்தார். அதிகாரிக்கு இடமாற்றமாம். கொடியைப் பிரிய மனசில்லாமல் தொட்டியோடு எடுத்துப் போகிறாராம், பார்த்துக்கொள்ள நானும் போக வேண்டுமாம். ஊர் சயாம். நாளைக்கு லாரி. ராக்கம்மாவை வந்து கூட்டிக்கொண்டு போங்கள், மச்சான்.