கொலுவைத் தின்ற விருந்தாளிகள்

கைவேலை தெரிந்த பெண் வீட்டுக்கு அழகு என்று சொல்கிறவர்கள் யாரும், அந்தக் கைவேலையோடு ஒரே கூரையின்கீழ் குடியிருந்தவர்கள் அல்லர். எங்கள் வீட்டார் குடியிருந்தார்கள். அதனால் அவர்கள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்த புதிது. இரண்டு ராஜ்யத்துக் குமாஸ்தாக்களையும் ஒரே ஆபீசில் அடைத்துவிட்டு, யாரை வைத்துக்கொள்வது, யாரை எங்கே தூக்கிப் போடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் தலைவிதி மேலதிகாரி குறுப்பு சார் கையில் இருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் பூஜை விடுமுறைக்குக் குடும்பத்தோடு பொன்முடிக்குக் கிளம்பினார். மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாதென்று தம் இரண்டு நாய்களையும் கோயிலைச் சுற்றிய கோட்டைக்குள் இருந்த எங்கள் வீட்டில் விட்டுப்போனார்.

“எந்து கொடுத்தாலும் தின்னும் சாமி,” என்றார்.

அவர் வீட்டில் அவற்றுக்குத் தினமும் ஆட்டிறைச்சி. அக்கிரகாரத்து வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்குக் கூச்சம். (மரியாதை தெரிந்த மனிதர். அதுதான் வினையாயிற்று.)

டைகரும் ராணியும் எங்கள் தயிர்சாதத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. பருப்புசாதம், தோசை, பாயசம் எதுவும் எடுபடவில்லை. அப்பா கொல்லையில் குந்தி உட்கார்ந்து, “ஒரு வாய் சாப்பிடுடா கண்ணா,” என்று கெஞ்சுவார். எனக்கு அம்மை போட்டபோதுகூட அவர் அப்படிக் கெஞ்சியதில்லை. நாய்களுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

“இது ரெண்டும் பட்டினி கிடந்து போயிடுத்துன்னா, என்னைத் திருச்சூருக்கு அந்தண்ட எங்கயாவது தூக்கிப் போட்டுடுவார், கேட்டியா,” என்று அம்மாவிடம் புலம்பினார்.

எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. பதினெட்டு வயது. அந்த விடுமுறையில் காகிதத்தாலேயே ஒரு ராஜ தர்பார் செய்து கொலுவில் வைப்பதுதான் என் லட்சியம். முந்தைய வருஷம் மரச்சீனிக் கிழங்கு மாவுப் பசையில் செய்த கல்யாண கோஷ்டி மழை ஈரத்தில் நெகிழ்ந்து, மாப்பிள்ளை மாமனார் மடியில் சாய்ந்துவிட்டார். இந்தத் தடவை எவரும் அசையக் கூடாதென்று, தச்சர்கள் மரம் ஒட்ட வாங்கும் வச்சிரக் கட்டியைச் சாலைக் கடைத்தெருவில் வாங்கிவந்தேன். ஊறவைத்து, சமையலறை அடுப்பிலேயே காய்ச்சி, பழைய பேப்பர் கூழில் ஊற்றிப் பிசைந்தேன்.

“என்னடி இது, ஒரு மாதிரி வாடை?” என்றாள் அம்மா.

“பிசின்னா அப்படித்தாம்மா இருக்கும்.”

(எந்த மரத்துப் பிசின் என்று எனக்குத் தெரியாது. மரந்தான் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை.)

தர்பார் உருவாயிற்று. ராஜா என்று நான் சொன்னால்தான் ராஜா; சொல்லாவிட்டால் பூசணிக்காய். இருந்தாலும் கொலுவின் நட்டநடுப் படியில் வைத்தேன்.

கொலு பார்க்க ஒரு சாயங்காலம் கூடம் நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். எதிர்வீட்டு மாமி பாட ஆரம்பித்திருந்தாள். இளைத்துப்போன டைகரின் கழுத்திலிருந்து பட்டை தானாகவே கழன்றுவிட்டது யாருக்கும் தெரியாது. ராணியும் எப்படியோ கட்டை அவிழ்த்துக்கொண்டு, இரண்டும் கூடத்துக்குள் பாய்ந்தன. மாமிகள் பட்டுப்புடவையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். நாய்கள் சுண்டலைத் திரும்பிப் பார்க்கவில்லை. மண் பொம்மைகளைத் தொடவில்லை. நேரே என் தர்பாருக்குப் போய், ஒன்று ராஜாவின் தலையைக் கவ்வ, மற்றொன்று மந்திரியை இடுப்போடு எடுத்துக்கொண்டது. பாட்டு நின்ற கூடத்தில் கடக்கு முடக்கென்று மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

“உன் பொண்ணு பண்ணினதா? நாய்க்காவது பிடிச்சுதே,” என்றாள் மாமி அம்மாவிடம். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அப்பா கம்போடு ஓடிவந்தார். பார்த்தார். கம்பைக் கீழே போட்டார்.

“சாப்பிடறதுகள்டீ,” என்றார், அழாத குறையாக. “ரெண்டும் சாப்பிடறது.”

அதன்பிறகு நான் கலைஞர் இல்லை, சமையல்காரி. காலையில் அப்பா, “இன்னிக்கு யாரு?” என்பார். “ரெண்டு சேவகன்,” என்பேன். புத்தகம், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் சரஸ்வதி பூஜையில் வைத்துவிட்டால் யாரும் ஒரு வேலையும் செய்யக் கூடாது. அன்றைக்கும் அப்பா ரகசியமாக வந்து, “சரஸ்வதி பொறுத்துப்பா. குறுப்பு பொறுக்கமாட்டார்,” என்றார்.

குறுப்பு சார் திரும்பி வந்தபோது நாய்கள் பளபளவென்றிருந்தன. “ரெண்டும் நன்னாயிட்டுண்டல்லோ. எந்தா சாமி கொடுத்தது?”

“எல்லாம் என் பொண்ணு கைவேலை. சுத்த சைவம்,” என்றார் அப்பா.

நான் பெருமையாகச் செய்முறையைச் சொன்னேன். குறுப்பு சார் நாய்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “சாமி, வச்சிரம்னு சொல்றது மாட்டுத்தோல் காய்ச்சி எடுக்குந்நதல்லே,” என்றார்.

கதவுக்குப் பின்னால் அம்மா கையிலிருந்த காப்பி டவரா விழுந்தது. குறுப்பு சார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாய்களோடு போனார். சீக்கிரமே அப்பாவுக்கு உள்ளூரிலேயே வேலை உறுதியாயிற்று. அன்று அவர் விட்ட பெருமூச்சு கோட்டைக்கு வெளியே பழவங்காடிவரை கேட்டிருக்கும். அம்மா அடுப்பையே இடித்துப் புதிதாகப் போட்டு, சாஸ்திரிகளைக் கூப்பிட்டு வீட்டைச் சுத்தி செய்தாள். (அவரிடம், நாய் உள்ளே வந்துவிட்டது என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.) எங்கள் எல்லோருக்கும் உயிர் திரும்பி வந்தது.

பிற்பாடு என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். பொய்யே சொல்லாத அப்பா சொன்னார்: “இவ கையால பண்ணினதைச் சாப்பிட்டவா யாரும் இளைச்சுப் போனதில்லை.”

கல்யாணம் முடிந்த பிறகுதான் என் கணவருக்கு முழுக்கதையும் தெரிந்தது. இன்றைக்கும் நான் புதிதாக ஏதாவது செய்து தட்டில் போட்டால், முதலில் எங்கள் வீட்டு நாயின் முகத்தைப் பார்ப்பார். அது வாலை ஆட்டினால் சாப்பிடமாட்டார்.