பதவிவாரியாகக் குளித்தல்

உலக நிர்வாக வரலாற்றில் அருவியைக்கூடப் பதவிவாரியாகப் பிரித்துக்கொடுத்த பெருமை தென்காசியிலுள்ள ஓர் அலுவலகத்தையே சேரும்.

சாரல் தொடங்கிய ஒரு சனிக்கிழமை விடிகாலையில், கூட்டம் சேருமுன், அந்த அலுவலகத்தின் பெண் ஊழியர்கள் எட்டுப் பேரும் அதிகாரி ஸ்ரீவித்யாவும் ஐந்தருவிக்குப் போனார்கள். கனமாக விழுகிற இடம் அதிகாரிக்கு. அடுத்தது கண்காணிப்பாளர் ரெபேக்காளுக்கு. அப்படியே இறங்கி இறங்கி, பாறையோரம் சொட்டுகிற இடம் இளநிலை உதவியாளர் சண்முகப்பிரியாவுக்கு. வடகரை ஊரில் அவள் குடும்பத்திலேயே கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள். வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு அதிகாரி மேடத்தின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஆகவே சொட்டினால் போதும் என்று நின்றாள்.

"ஏட்டி, தலை நனைஞ்சிச்சா?" என்றாள் ரெபேக்காள்.

"நனையதுக்கு மனு போட்டிருக்கேன்க்கா."

"வாய் கூடுதலு ஒனக்கு. கையெழுத்து விழுத வரைக்கும் பொத்திக்கிட்டு நில்லு."

அந்த நேரம் பார்த்து மேடத்துக்குப் பாசியில் கால் வழுக்கியது. முழங்கால் மடங்கிப் பாதுகாப்புக் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். மண்டையில் தண்ணீர் அறைய, வாயைத் திறந்து திறந்து ஏதோ கத்தினார். இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன? மாதாந்திரக் கூட்டத்தில் மட்டும் யார் கேட்டார்கள்?

"ஆமா மேடம்!" என்றாள் ரெபேக்காள்.

"ஆமா மேடம்!" என்றார்கள் மற்றவர்கள், பதவி வரிசையில்.

"எக்கா, அவுகளுக்கு மூச்சு முட்டுதுக்கா!" என்றாள் சண்முகப்பிரியா.

"சும்மா இரிட்டி. மேடம் என்னமோ சொல்லுதாவ. நடுவுல போய்த் தொட்டா என்ன நெனப்பாவ?"

சண்முகப்பிரியா ஏழு பேரையும் தள்ளிக்கொண்டு ஓடினாள். மேடத்தின் அக்குளில் கைகொடுத்து, நெல்மூட்டையை இழுப்பதுபோல இழுத்து வெளியே போட்டாள்.

திங்கட்கிழமை மேடம் தம் நன்றியை 'உரிய வழியில்' தெரிவித்தார். மெமோ வந்தது: 'மேலதிகாரி நீராடுகையில் முன் அனுமதியின்றி இழுத்தது ஏன்?' கூடவே ஏழு சாட்சிகளின் கையெழுத்து: மேடம் வழுக்கவில்லை, விரும்பியே உட்கார்ந்தார்.

"எக்கா, நீங்களுமா?"

"ரெண்டு புள்ளையளப் படிக்க வைக்கணும்லாட்டி," என்றாள் ரெபேக்காள், மிகுந்த கனிவோடு. "மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் குடு. கோப்பு நவுந்துரும்."

சண்முகப்பிரியா மூன்று வரி எழுதினாள். 'மேடம் வழுக்கவில்லை என்பதை ஏற்கிறேன். எனவே நான் காப்பாற்றவும் இல்லை. அன்று மேடம் கத்திச் சொன்னது என்னவென்று, அதற்கு ஆமாம் போட்ட ஏழு பேரும் எழுத்துமூலம் தெரிவித்தால், அதன்படி நடக்கச் சித்தமாயிருக்கிறேன்.'

மேடம் எல்லோரையும் அறைக்குள் அழைத்து அதை வாசித்தார்.

"இது திமிருதானே?"

"ஆமா மேடம்."

மேடம் மறுபடி ஒருமுறை வாசித்தார். குரல் இறங்கியது.

"இல்ல... இந்தப் பிள்ள கேக்கது நியாயந்தானே?"

"ஆமா மேடம்." அதே ஏழு குரல். அதே பதவி வரிசை.

மேடம் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் அங்கனயே செத்துப் போயிருந்தா?"

ரெபேக்காள் மேடத்தின் முகத்தில் பதிலைத் தேடினாள். கிடைக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, "ஆமா மேடம்" என்றாள். மற்ற ஆறு பேரும் வழிமொழிந்தார்கள்.

மேடம் அவசர அவசரமாகச் சண்முகப்பிரியாவின் கோப்பைத் தேடியெடுத்து, கையெழுத்துப் போட்டார்.