செகண்ட்ஸ் வந்தாச்சு

முதல் ஆல்பத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை, அதனால் பிழைத்துக்கொள்ளலாம். இரண்டாவதைத்தான் நாலு பேர் எதிர்பார்த்துத் தொலைக்கிறார்கள்.

நானே எழுதி, மெட்டமைத்து, பாடிய முதல் ஆல்பத்தைப் பற்றிச் சென்னை விமர்சகர் ஒருவர், 'அடுத்தது வரட்டும், பார்க்கலாம்' என்று எழுதியிருந்தார். அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். மனைவி சலித்துப்போனாள். இரண்டாவதை அந்த மனுஷர் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் பாட்டு, இல்லாவிட்டால் அவளுடைய அப்பாவின் எலக்ட்ரிகல் கடை என்று ஒப்பந்தமாயிற்று.

ஆல்பத்துக்கு 'செகண்ட்' என்று பெயர் வைத்தேன். (பெரிய புத்திசாலி என்று நினைப்பு.) காஞ்சிபுரத்தில் பேனர் அடிப்பவரிடம் போனில், "'செகண்ட் வந்தாச்சு'ன்னு பெருசா போடுபா" என்றேன். காலையிலிருந்து பட்டுக்கடைகளுக்கே பேனர் அடிக்கும் மனிதர். நான் ஓர் எழுத்தை விட்டுவிட்டதாக நினைத்து, பாவம், 'செகண்ட்ஸ்' என்று திருத்திவிட்டார். எங்கள் ஊரில் செகண்ட்ஸ் என்றால் நெசவில் பழுது விழுந்து, விலை குறைத்துத் தள்ளிவிடும் பட்டுப்புடவை. கீழே என் படம், மண்டபம், தேதி. கட்டிய பிறகு நான் போய்ப் பார்க்கவும் இல்லை. பார்த்தவர்கள் கடை முதலாளி என்று நினைத்தார்களாம்.

வெளியீட்டன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. ஓரிக்கை, தென்னேரியிலிருந்தெல்லாம் பெண்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். முன்வரிசையிலிருந்த விமர்சகர் திரும்பிப் பார்த்து அசந்துபோனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று பாட்டு பாடினேன். கடைத் திறப்பு விழாவில் பாட்டு இருக்கத்தானே செய்யும் என்று அவர்களும் பொறுத்துக்கொண்டார்கள்.

நாலாவது பாட்டில் ஓர் அம்மா எழுந்தார்.

"பாட்டு போதும்பா, பொடவைய எடுத்துப் போடு. டேமேஜ் எங்க இருக்குதுன்னு பார்த்துக்கினு கெளம்பணும், பஸ்ஸுக்கு நேரமாவுது."

புடவையே இல்லை, இந்தப் பாட்டுகள்தான் செகண்ட் என்று மைக்கிலேயே விளக்கினேன். (சும்மா இருந்திருக்கலாம்.) அந்தம்மா கொஞ்சம் யோசித்தார்.

"அப்போ டேமேஜு பாட்டுலயாப்பா?"

கோபமோ கிண்டலோ இல்லை. வாங்க வந்தவர் விசாரிக்கிறார், அவ்வளவுதான். விமர்சகர் பேனாவை எடுத்தார்.

அந்த வாரமே விமர்சனம் வந்தது. தலைப்பு, 'டேமேஜ் பாட்டில்தான்'. குரலில் எங்கே, வரியில் எங்கே, மெட்டில் எங்கே என்று புடவையை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்த மாதிரி வரிசையாகக் காட்டியிருந்தார். அதைவிட எரிச்சல், அவர் காட்டிய இடமெல்லாம் சரியாகவே இருந்தது.

இப்போது மாமனார் கடையில் சுவிட்ச் விற்கிறேன். கூட்டமில்லாத மத்தியானங்களில் ஏதாவது மெட்டு வந்து தொலைக்கும். மூன்றாவது ஆல்பம் என்று வாயெடுத்தால் போதும், வந்திருக்கும் விருந்தாளிகள் முன்னாலேயே மனைவி கேட்பாள்:

"செகண்ட்ஸ் விப்பாங்க, சரி. தேர்ட்ஸுன்னு எந்தக் கடையிலயாவது விக்கிறாங்களா?"