ராஜரத்தினம் தன்னைத் தேடிய பதினோரு பாட்டு

தன்னைத் தானே தேடிக்கொண்டிருப்பவர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். தேடுவது காட்டிலோ குகையிலோ அல்ல, வீட்டுக்குள்ளேயேதான். அதுவும் மற்றவர்கள் விறகு பொறுக்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து.

நீலகிரியில் சேரம்பாடித் தேயிலைத் தோட்டத்து ராஜரத்தினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைப் பதுளையிலிருந்து கப்பலேறிய குடும்பத்தில் மற்றவர்கள் தகரப்பெட்டியும் அம்மிக்கல்லும் சுமந்து வர, அவர் சுமந்தது ஓர் எலெக்ட்ரிக் கித்தார். எண்பத்து நாலில் லயத்து வரிசை வீடுகளுக்குக் கரண்ட் வந்ததும் அதைப் பழைய ரேடியோவில் பொருத்தி, இரும்பும் இரும்பும் மோதுகிற மெட்டல் இசையில் கேசட் போடுவதற்காகப் பன்னிரண்டு பாட்டுக் கட்டத் தொடங்கினார். தனித்தனிப் பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். பன்னிரண்டும் ஒரே கதை: ஒருவன் தான் யாரென்று தேடிப் போகிறான். முதல் பாட்டில் புறப்படுகிறான், இரண்டாவதில் குழம்புகிறான், மூன்றிலிருந்து பத்து வரை மேலும் குழம்புகிறான், ஒவ்வொரு குழப்பமும் கால் மணி நேரம், நடுவில் தாளம் நாலிலிருந்து ஏழுக்குத் தாவும்.

"ஃபேக்டரியில ரோலர் ஒடைஞ்சிருச்சோன்னு ஓடியாந்தேன்" என்பார் அடுத்த வீட்டுப் பழனியாண்டி.

"அது ஆன்மாவோட சத்தம்ண்ணே."

"அதுக்கும் கொஞ்சம் எண்ணெ போடலாமே தம்பி."

பதினோராவது பாட்டு ஓடிக்கொண்டிருந்த அன்று, லயத்தாருக்குப் புது வீடு ஒதுக்க ஓர் அதிகாரி பட்டியலோடு வந்தார். கோயமுத்தூர்க்காரர். காலில் அட்டை ஏறிய அவசரம் வேறு.

"ஏனுங்க, இங்க ராஜரத்தினம்ங்கறது யாருங்க?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று எத்தனை மாதம் காத்திருந்தவர். கண்ணை மூடிக்கொண்டார். "அதைத்தாங்க நானும் தேடிக்கிட்டு இருக்கேன்."

அதிகாரி, 'ஆள் அடையாளம் தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார்.

பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த மனைவி அன்னக்கிளிக்குப் பழனியாண்டிதான் விஷயத்தைச் சொன்னார். ஒழுகுகிற கூரைக்குக் கீழே இன்னொரு மழைக்காலமா? கூடையைப் போட்டாள், பெட்டியிலிருந்த பாஸ்போர்ட்டை எடுத்தாள், ஓடிப்போய் ஜீப்பை மறித்தாள்.

"அவரு யாருன்னு நான் சொல்றேன் ஐயா. அழகையா மகன். பதுளையில பொறந்தவரு. இடது புருவத்துல தழும்பு. அட்டை கடிச்சா லீவு போட்டுருவாரு. புள்ளைக்குக் காய்ச்சல்னா மூணு மைலு தூக்கிக்கிட்டு ஓடுவாரு. எங்க வீட்டு ஆளு. எழுதிக்குங்க."

அதிகாரி முன்பு எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். வீடு கிடைத்தது.

பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்த ராஜரத்தினம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பதினோரு பாட்டில் அகப்படாத ஆள் ஒரே மூச்சில் அகப்பட்டுவிட்டானே. அன்று அவர் கித்தாரைத் தொடவில்லை. அன்னக்கிளிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். மறுநாள் பழனியாண்டியிடம் மட்டும் மெல்ல வருத்தப்பட்டுக்கொண்டார்: "இன்னும் ஒரு பாட்டு இருந்திச்சிண்ணே. அதுக்குள்ள அவசரப்பட்டுட்டா."

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நீங்கள் இதைப் படிக்க உட்கார்ந்ததிலிருந்து வீட்டுக்குள்ளேயிருந்து உங்களை இரண்டு முறை கூப்பிட்டாயிற்று. காதில் விழுந்ததா?